மெமரி காணாது

"நாலு எம்.பி மெமரியோடை எந்த மனிசன் கடை நடத்துவான், அண்ணை?"

ஸ்ரீதரன் மேசையில் ஓங்கித் தட்டினான். அவன் கொண்டுவந்த டிஸ்கெற் துள்ளிக் கீழே விழுந்தது.

கடைக்காரர் அகஸ்ரின் குனிந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். வோபர்ன் பிளாசா என்ற கடைத்தொகுதியில் அவருடையது ஒற்றை அறை அச்சகம். இருக்கும் ஒரேயொரு கொம்பியூட்டர் தொண்ணூற்றிரண்டில் வாங்கியது. இப்போது தொண்ணூற்றேழு.

புதிதாய் வந்த தமிழ் எழுத்துப் புரோகிராமில் பூ வளையம் இருக்கிறது, நிழல் எழுத்து இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போன மாதம் ஆசையோடு வாங்கிவந்தார். போட்டதுதான் தாமதம், கொம்பியூட்டர் விறைத்துப்போய் நின்றது. "மெமரி காணாது அண்ணை" என்றாள் டைப் பண்ணும் பேர்ணடெற்.

ஊர் முழுக்கப் புதுசுக்கு மாறிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே புதுசில் டைப் பண்ணி டிஸ்கெற்றில் கொண்டுவருகிறார்கள். இங்கே திறந்தால் ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை. வெறும் கட்டமும் கேள்விக்குறியும்தான். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி அகஸ்ரினுக்கு அலுத்துவிட்டது.

அதுவும் இன்றைக்கு வந்திருப்பது கலியாணக் கார்ட் இல்லை, செத்தவீடு. ஸ்ரீதரனின் தகப்பன் இரத்தினவேல் முந்தநாள் காலமாகிவிட்டார். நாளைக்குக் கிரியை. மரண அறிவித்தல் அடித்து, பின்னேரத்துக்குள் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியாக வேண்டும்.

பேர்ணடெற் மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, உங்கடை டிஸ்கெற் இதிலை திறக்காது. ஆனா இண்டைக்குக் காலமை உங்கடை அம்மா போனிலை சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணி, படமும் வைச்சு முடிச்சிட்டன். இதையே அடிக்கலாம்."

அவன் தாளை வாங்கிப் படித்தான். 'குணவதியின் அன்புக் கணவரும், ஸ்ரீதரன், நிலாணி ஆகியோரின் பாசமிகு தந்தையும்...'

முகம் கறுத்துவிட்டது.

"நிலாணியோ? ஆர் உந்தப் பேரைப் போடச் சொன்னது?"

"அம்மாதான். அந்தப் பேரை மட்டும் ரெண்டு தரம் சொன்னவா."

"அவ அழுத அழுகையிலை சொல்லியிருப்பா. வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு விட்பி எண்ட ஊருக்குப் போனவள் என்ரை தங்கச்சி. ஏழு வருசமா வீட்டு வாசல் மிதிக்கேல்லை. இதைக் கண்ணாடியிலை கண்டால் சனத்துக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி. எடுத்துவிடுங்கோ."

"எடுக்கேலாது அண்ணா."

"ஏன்?"

"பழைய கொம்பியூட்டர். பக்கம் கட்டி முடிச்ச பிறகு ஒரு பேரை எடுத்தால் எல்லாம் சிதறிப்போகும். முதலிலை இருந்து அடிக்கவேணும். இண்டைக்கு முடியாது."

அகஸ்ரினுக்கு எரிச்சல் வந்தது. ஆடமாட்டாதவளுக்குக் கூடம் கோணல்.

"பிள்ளை, ஒரேயொரு பேர்தானே. ஒருக்கா முயற்சி செய்து பாரன்."

"மெமரி காணாது அண்ணை."

அதற்குமேல் அவரால் வாதாட முடியவில்லை. அவருக்கு மையும் மெஷினும் தெரியும், இந்தப் பெட்டியின் சங்கதி தெரியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று தாள் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

"அப்ப அந்தப் பேருக்கு மேலை வெள்ளை மையைப் பூசுங்கோ" என்றான் ஸ்ரீதரன்.

"பூசலாம். நடுவிலை ஓட்டை விழுந்த மாதிரித் தெரியும். ஆரின்ரை பேரை அழிச்சதெண்டு எல்லாரும் கேப்பினம்."

ஸ்ரீதரன் கதிரையில் தொப்பென்று இருந்தான். இரண்டு நாளாய் நித்திரை இல்லாத முகம். தாளை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தான். இந்தமுறை கனநேரம் பார்த்தான்.

"சரி, இருக்கட்டும். மாமாமார் ஆரும் கேட்டால் கொம்பியூட்டர் பழசெண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவன் வெளியே போய்க் கதவு சாத்தியதும் அகஸ்ரின் பொரிந்து தள்ளினார். "வெக்கமா இருக்கு, பிள்ளை! செத்தவீட்டுக்காரனுக்கு ஒரு பேரை எடுத்துக் குடுக்க வக்கில்லாத கடையாப் போச்சு. உந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையிலை போடுவம்."

பேர்ணடெற் பிரிண்டரில் தாளை அடுக்கினாள்.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது. ஸ்ரீதரன்தான். கிரியை ஒன்பது மணிக்கில்லை, பதினொரு மணிக்காம். இன்று மாலையும் உடலைப் பார்வைக்கு வைப்பார்களாம். அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம்.

அகஸ்ரின் தலையில் கை வைத்தார். "ஐயோ, இனி முதலிலை இருந்தோ!"

அவர் சொல்லி வாய் மூடுமுன் பேர்ணடெற் டைப் பண்ணிவிட்டாள். பிரிண்டர் இழுத்து இழுத்து ஒரு தாளைத் துப்பியது.

அகஸ்ரின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேரம் மாறியிருந்தது. புது வரி ஏறியிருந்தது. படம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓர் எழுத்துக்கூட அசையவில்லை.

"பிள்ளை, ஒரு வரியே கூடியிருக்கு. ஒண்டும் சிதறேல்லையே?"

பேர்ணடெற் அவரிடமிருந்து தாளை வாங்கினாள்.

"வரி கூடினால் சிதறாது அண்ணை. பெத்த பிள்ளையின்ரை பேரை எடுத்தால்தான் சிதறும்."