எழுச்சி நாள் முழக்கம்

தண்ணீருக்காக ஊரே தெருவில் இறங்கி ஆட்சியைக் கவிழ்த்த நாள்தான் எழுச்சி நாள். இப்போது அது அரசு விடுமுறை. அன்று காலை ஒவ்வொரு குடும்பமும் பால்கனியில் நின்று, "தண்ணீர் கொடு!" என்ற பழைய முழக்கத்தை எழுப்பியாக வேண்டும். குரலில் கொண்டாட்டம் இருந்தால் பால்கனிச் சுவரிலுள்ள விளக்கு பச்சையாக எரியும். கோபம் இருந்தால் சிவப்பு. போன வருடம் சிவப்பு எரிந்த மூன்றாம் மாடிக் குடும்பம் இன்னும் திரும்பி வரவில்லை.

சுகிர்தா குழாயைத் திருகிப் பார்த்தாள். இன்றும் வெறும் காற்றுதான் வந்தது.

"சிரிச்சிக்கிட்டே கத்தணும், என்ன?" என்று மகள் இதழினியின் கன்னத்தைத் தட்டினாள்.

"தொண்டை காயுதும்மா."

"கத்தி முடிச்சதும் எங்கயாச்சும் வாங்கியாறேன்டா கண்ணு."

சங்கு ஊதியது. கணவன் கபிலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கத்தினான். சுகிர்தாவும் கத்தினாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது. இதழினி கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

"தண்ணி குடு!"

கபிலன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். எதிர் பால்கனிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதழினி அப்பாவின் கையை விலக்கிவிட்டு, சந்தோஷத்தில் துள்ளினாள்.

"அம்மா, நம்ம வீட்ல மட்டும்தாம்மா சிவப்பு!"