மூச்சு பார்க்கும் கதவு

அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவு, எதிரே நிற்பவர் மூச்சுக்குத் திணறினால்தான் திறக்கும். ஜெசிந்தா தன் தம்பி செல்வினைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து அதன்முன் நிறுத்தினாள்.

செல்வினுக்குச் சின்ன வயதிலிருந்தே தசைகள் மெலிந்துபோகும் நோய். நெஞ்சு விம்ம மூச்சை இழுக்கவோ, வலியில் முகம் சுளிக்கவோகூட உடம்பில் தெம்பில்லை. காலையில் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று பேசினான். இப்போது பேச்சே இல்லை. கண்கள் செருகிக்கொண்டு வந்தன.

"நோயாளி அமைதியாக இருக்கிறார். காத்திருக்கவும்," என்றது கதவு. மேலே பச்சை விளக்கு எரிந்தது.

"அமைதியா? அவனுக்கு மூச்ச இழுக்கவே தெம்பில்ல! உள்ள மனுசங்க யாருமே இல்லையா?"

ஜெசிந்தா கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தாள். கத்திக் கத்தி அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சட்டென்று விளக்கு சிவப்பானது. கதவு திறந்தது. ஊழியர்கள் இருவர் ஓடிவந்து அவளைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள்.

"எனக்கில்லய்யா, என் தம்பிக்கு! அவனப் பாருங்க!"

"அவருக்குப் பச்சைதாம்மா காட்டுது. நீங்க பேசாதீங்க, ரொம்ப இரைக்குது," என்று ஒருவர் அவள் வாயையும் மூக்கையும் மூடி முகமூடியை மாட்டினார்.

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே செல்வினின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது. அதை எப்போதும் நிமிர்த்திவிடும் அவள் கைகளை இங்கே இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள்.