ஓரக் குறிப்புகள்

ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வாய்தோறும் மதியம், ஒரு மதுக்கடையின் பின்னறையில் நாங்கள் ஐந்து பேர் மாயக்கதைகள் வாசிப்போம். எழுதியதை வாசிக்கும் முன் நண்பர் ஒருவர் பென்சிலால் திருத்தித் தருவது வழக்கம். பதினோரு வருடமாக ஹெஸ்டருக்கு அந்த நண்பர் நான். அவள் கதையில் வரும் டிராகன் நொண்டுவது என் யோசனை.

இந்த வாரம் புது அத்தியாயத்தை எனக்குக் காட்டாமலே வாசிக்க எடுத்தாள். தாள்களைப் பிடுங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். எனக்குத் தோன்றியே இராத, அருமையான குறிப்புகள்.

"யார்கிட்டடி காட்டுன?"

"விளையாடுறியா, வினிஃப்ரெட்? நேத்து டீக்கு வந்து, என் கேக்கையும் காலி பண்ணிட்டு, நீதானே உக்காந்து எழுதின?"

நேற்று முழுக்க நான் லண்டனில் அக்கா வீட்டில் இருந்தேன்.

கையெழுத்து என்னுடையதுதான். கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்ததை இரண்டு முறை படித்தேன்: 'இனி எனக்கு மட்டும் காட்டு. அவளுக்கு வேண்டாம்.'

ஹெஸ்டர் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். யாருடி அந்த 'அவ'?"