நின்று கிளம்பும் சத்தம்

பரசுராமன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினான்.

டொக். டொக்.

"இதாம்மா நீ சொன்ன பேயி. ஷாஃப்ட்ட சேத்துப் புடிக்கிற கிராஸ் தேஞ்சிபோச்சி."

பூவம்மாள் சிரித்தாள். பொன்னேரிச் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப்போகும் வழியில், சோழவரம் கூட்டுரோட்டு ஷெட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னது அவள்தான். பழைய வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்பது அவள் புருஷன் துளசிராமனின் கட்சி.

பட்டாளத்து ஏலத்தில் அவள் அப்பா எடுத்துக் கொடுத்த பிக்கப். அதன் இருமல் தும்மல் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

இந்த டொக் வந்து இரண்டு மாதம்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. சாயங்காலம் மதகுப் பக்கமிருந்து வயலைத் தாண்டி அந்தச் சத்தம் கேட்டதும், கருவாடு வறுக்கச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். வண்டி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வரவும் எண்ணெய் காயவும் சரியாக இருக்கும்.

"மதகாண்ட ரோட்டுல பள்ளமாண்ணா? டெய்லி அங்கதான் டொக்குங்குது."

"பள்ளத்துக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்மந்தம்? ஓடச்சொல்ல இது சத்தமே போடாது. நிக்கிற வண்டிய கியர் போட்டுக் கெளப்பச்சொல்லதான் டொக்குங்கும்." பரசுராமன் தலையை வெளியே நீட்டினான். "அங்க நின்னு கெளம்புறாரு உன் ஊட்டுக்காரரு. வேற இன்னா?"

துளசிராமன் குனிந்து, நன்றாக இருந்த டயரை அமுக்கிப் பார்த்தான்.

மதகுப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வீடு.

நடவுக்கு வரும் அஞ்சம்மாளின் வீடு.

போன மாதம் அவள் தலையில் கனகாம்பரம் இருந்தது. யாரு வாங்கியாந்து குடுத்தது என்று பூவம்மாள்தான் கேலி செய்தாள். அஞ்சம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பூவம்மாளும் கூடச் சிரித்தாள்.

இரண்டு மாதமாகத் துளசிராமன் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறான். கருவாட்டில் உப்பு அதிகமாம்.

அவள் கருவாட்டை இரண்டு தரம் கழுவினாள். அப்புறம் மூன்று தரம்.

"புதுசு போட்டா சத்தமே இருக்காது. மாத்திடட்டா?"

"மாத்துப்பா, மாத்து," என்றான் துளசிராமன். "பேஜாரு புடிச்ச சத்தம்."

"வேணாம்ணா. அப்டியே கெடக்கட்டும்."

"தங்கச்சி, என்னிக்கினா ஒருநா புட்டுக்கும். அப்புறம் நின்ன எடத்துலயே நின்னுடும் வண்டி. ஒரு அடி நவுராது."

"நிக்கட்டும்."

அவள் அப்பா கொடுத்த வண்டி. துளசிராமன் ஏறிச் சாவியைத் திருகினான்.

சந்தை முடிந்து அவளை வீட்டில் இறக்கிவிட்டு, அடுத்த லோடுக்குப் போனான்.

சாயங்காலம் அவள் கொல்லை வாசலில் நின்றாள். இன்றைக்கு நிறுத்த மாட்டான். எந்த ஆம்பளைக்கும் அவ்வளவு தைரியம் வராது.

மதகுவரை வண்டியின் இரைச்சல் வந்தது.

நின்றது.

அந்தச் சத்தத்தை இனி எப்படிக் காதால் கேட்பது என்று பகலெல்லாம் நினைத்தவள், இப்போது அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

தவளைகள் கத்தின. மதகுப் பக்கம் விளக்கு அணைந்தது.

கிராஸ் உடைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். உடைந்துதான் இருக்க வேண்டும். பரசுராமண்ணன் சொன்னானே, ஒரு அடி நகராது என்று. பாவம், இருட்டில் என்ன செய்வான்.

சாமியிடம்கூட வேண்டிக்கொண்டாள், அது உடைந்திருக்கட்டும் என்று.

கோழி கூவும் நேரத்தில், வயலைத் தாண்டி, டொக் என்றது.

கிராஸ் உடையவில்லை.