சொந்தக் கையெழுத்து

கோமளவல்லிக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் எப்போதும் வீங்கியிருக்கும். கணவன் தயாளன் கோபம் வந்தால் அடிக்க மாட்டான். அந்த விரல்களைச் சேர்த்துப் பிடித்து நெரிப்பான். ஏற்கெனவே வீங்கிய கை என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்த புகாரில் கைநாட்டு வைத்தாள். “இவளால பேனாவே பிடிக்க முடியாது சார். யாரோ தூண்டிவிட்டு எழுதினது” என்று போலீஸ் ஸ்டேஷனில் அவன் சிரித்தான். அவர்களும் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே அவள் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கைப்பயிற்சி கற்றுக்கொண்டாள். தினமும் வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு, விரல்களை மெல்ல மடக்கி விரிப்பாள். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொடுவாள். சுண்டுவிரலை எட்டவே இரண்டு மாதம் ஆயிற்று.

“இந்த வயசுல என்னடி டான்ஸு?” என்பான் தயாளன். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை மடக்குவாள்.

எட்டாவது மாதம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். விசாரணைக்கு அவனையும் அழைத்து எதிரில் உட்காரவைத்தார்கள். துணி சுற்றித் தடிமனாக்கிய பேனாவால், நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதத் தொடங்கினாள். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

மூன்றாம் பக்கத்தில் தயாளனின் குரல் உடைந்தது. “கோமளா, கை வலிக்கப்போவுது... போதும்மா.”

அவள் நிமிரவில்லை.

“மேடம், இன்னொரு பேப்பர் குடுங்க” என்றாள்.