தவளை நாட்டுக்கு வந்த முதல் புகார்

ஏரி நடுவே புதிதாக எழும்பிய மணல்திட்டில் பதினோரு தவளைகள் குடியேறி, "இது தனி நாடு" என்று அறிவித்தன. கரையை ஆண்ட ஆமை ஒப்புக்கொள்ளவில்லை.

"மண் இருக்கு, குடி இருக்கு, ராஜாகூட இருக்கார். ஆனா நான் அங்கீகரிக்கிறவரைக்கும் அது வெறும் சேறு. யார் வேணும்னாலும் மிதிக்கலாம்" என்றது.

தவளைகள் மனு மேல் மனு அனுப்பின. "இப்படி ஒரு நாடே இல்லை" என்று எழுதி, எல்லாவற்றையும் ஆமை திருப்பி அனுப்பியது. தூது போன வாத்துக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

ஒருநாள் நல்ல மழை. தவளைகள் பாடிய பாட்டில் ஆமையின் மதியத் தூக்கம் போயிற்று. உடனே தாமரை இலையை எடுத்துப் புகார் எழுதியது. பெறுநர் பெயரில்லாமல் புகார் எழுதும் பழக்கம் ஆமைக்குக் கிடையாது.

வாத்து திட்டில் ஏறி உரக்கப் படித்தது: "பெறுநர்: மாண்புமிகு அரசர், தவளை நாடு. தங்கள் எல்லைக்குள் எழும் சத்தத்தை நிறுத்தவும்."

ராஜா தவளை துள்ளிக் குதித்தது. "இன்னொரு தடவை படி!"

மூன்று தடவை படித்த வாத்து, "பதில் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டது.

"நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறோம்" என்ற ராஜா, ஈரக் காலை இலையில் அழுத்தி முத்திரை வைத்தது.