ஆத்தங்கரைக்காரி

ஏரலில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் ஞானதீபம். கல்யாணம் முடித்து அவளைத் தூத்துக்குடி உப்பளத்து ஓரத்தில் குடிவைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறு பொங்கினால் உப்புப் போட வேண்டியதில்லை. அதை நான் சிக்கனம் என்பேன்.

"ஆத்தங்கரைக்காரியக் கட்டுனா ஆத்தையும் கூட்டிட்டு வரணும்லா" என்று சிரிப்பாள்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் காய்ச்சலில் போனாள். ஏரலிலேயே அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகுதான் சமையற்கட்டுக் குடத்தில் நல்ல தண்ணீர். மாலையில் நான் ஊற்றி வைப்பது என்னவோ கிணற்றுத் தண்ணீர்தான். விடிந்து பார்த்தால் இனிக்கும். அடியில் கொஞ்சம் ஆற்று மணல் கிடக்கும்.

அண்ணன் ஜெபசீலன் வந்தார். "ஏலே, இங்கன தனியாக் கிடந்து என்ன செய்யப் போற? புதுக்கோட்டையில வீடு பாத்திருக்கேன். குழாயத் திறந்தா நல்ல தண்ணி."

சொல்லிக்கொண்டே குடத்தில் மொண்டு குடித்தார். முகம் மாறியது. கொல்லைக்குப் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தார், துப்பினார். திரும்பி வந்து குடத்தின் அடியில் கிடந்த மணலை எட்டிப் பார்த்தார்.

"சாமானக் கட்டி வை. ஞாயித்துக்கிழம வண்டி வரும்" என்றார் கடைசியில்.

வண்டி வந்தது. கட்டிலை ஏற்றினோம், பெட்டியை ஏற்றினோம். குடத்தைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றேன். பிறகு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன்.

"ஏன் அண்ணாச்சி?" என்றார் வண்டிக்காரர்.

"எனக்கு உப்புத் தண்ணிதான் ஒத்துக்கிடுது."

அவளுக்கு ஏரலிலிருந்து இந்த வீட்டுக்கு வர மட்டும்தான் வழி தெரியும்.